வண்டியை உயர்த்துவதற்கு முன்

பொள்ளாச்சி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்லூரியில் சேர்ந்த செய்தியை அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். இங்கே தென்னையில் வெள்ளை ஈயின் தொல்லை இன்னும் ஓயவில்லை. மற்றபடி எல்லோரும் நலம். நீ வாங்கியிருக்கும் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப்புக்கு இப்போதைக்கு ஸ்பேசர் போட்டு இரண்டு அங்குலம் உயர்த்திக்கொள்ளலாமா, அல்லது பணம் சேரும்வரை காத்திருந்து, ஸ்பிரிங்கும் ஷாக்கும் அடங்கிய சஸ்பென்ஷனையே மாற்றலாமா என்று கேட்டிருந்தாய். நானும் அதே வண்டியை வைத்திருப்பவன், முதலில் ஸ்பேசர் போட்டவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நம் வண்டியின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங்கும் அதன் நடுவே ஷாக் அப்சார்பரும் ஒரே தொகுதியாகக் கீழ் ஆர்மின், அதாவது சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கையின் மேல் நிற்கின்றன. ஸ்பேசர் என்பது அந்தத் தொகுதியின் தலைக்கும் வண்டியின் சட்டமான சேஸிக்கும் இடையில் வைக்கும் ஒரு வளையம், அவ்வளவுதான். தொகுதி ஆர்மின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருப்பதால், 25 மி.மீ. வளையம் சக்கரத்தருகே ஏறக்குறைய 50 மி.மீ. உயரமாகத் தெரியும். ஸ்பிரிங் மாறுவதில்லை, ஷாக் மாறுவதில்லை, ஆகவே ஓட்டமும் மாறாது என்று பட்டறையில் சொல்வார்கள். சமதளச் சாலையில் அது உண்மைதான். ஆனால் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது, ஆர்ம் தொழிற்சாலையில் வகுத்த எல்லையையும் தாண்டிக் கீழே தொங்குகிறது. அப்போது மேல் ஆர்ம் ஸ்பிரிங்கில் உரசலாம், ஆர்மின் நுனியில் சக்கரம் திரும்ப இடம் தரும் குண்டு மூட்டான பால் ஜாயின்ட் தன் கோணத்தின் கடைசிக்கே போய்விடும். மேட்டில் மோதி முழுதாக அமுங்கும்போதோ, ரப்பர் தடுப்பு தாங்குவதற்கு முன்பே ஷாக்கின் பிஸ்டன் உள்ளே அடிமட்டத்தில் இடித்துவிடக்கூடும். உயரம் கூடியதே தவிர, சக்கரம் ஏறி இறங்கும் தூரத்தில் பயனுள்ள பகுதி குறைந்துவிட்டது.

எனக்கு நேர்ந்ததைக் கேள். ஸ்பேசர் போட்ட சில மாதங்களில், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போதெல்லாம் முன் இடது சக்கரத்திலிருந்து டக், டக் என்று ஒலி வந்தது. கழற்றிப் பார்த்தபோது, ஆக்சில் சாய்ந்த நிலையிலும் சக்கரத்தைச் சுழற்றும் மூட்டான சிவி ஜாயின்டின் ரப்பர் உறை மடிப்பில் கிழிந்து, கிரீஸ் முழுவதும் ரிம்மின் உட்புறத்தில் சிதறியிருந்தது. மண்ணும் தண்ணீரும் புகுந்து ஜாயின்டே தேய்ந்துவிட்டது. ஆக்சில் எப்போதும் சாய்வாகவே சுழன்றதுதான் காரணம். போட்டுக் கொடுத்த பட்டறைக்காரர் அலைன்மென்டும் சரிபார்க்கவில்லை. சக்கரத்தைத் தானே நேராக்கும் சாய்வான காஸ்டர் கோணம் குறைந்ததால் நெடுஞ்சாலையில் வண்டி நேர்கோட்டில் நிற்காமல் அலைந்துகொண்டே இருந்தது. மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் ஒரே ஆக்சிலில் போயிற்று.

பிறகுதான் ஷாக், ஸ்பிரிங் இரண்டையும் சேர்த்து மாற்றினேன். நீண்ட ஷாக் வந்தால் உயரத்தோடு சக்கரம் ஏறி இறங்கும் தூரமும் கூடுகிறது. ஒற்றைக் குழாய் கொண்ட மோனோ டியூப் வகை ஷாக்கில் எண்ணெய் வெளிச்சுவரை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருப்பதால் சூடு விரைவில் வெளியேறும். நைட்ரஜன் வாயு தனி அறையில் இருப்பதால் எண்ணெய் நுரைப்பதில்லை. கரடுமுரடான எஸ்டேட் பாதையில் ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகும் முதல் ஐந்து நிமிடத்தில் இருந்த பிடிப்பு அப்படியே இருப்பதை நீயே உணர்வாய். உன் முதுகை வருத்துவது வண்டியின் உயரக் குறைவு அல்ல, களைத்துப்போன ஷாக்தான் என்பது என் உறுதியான எண்ணம். பழைய வண்டி என்கிறாய். அதிலுள்ள ஷாக் முதலிலிருந்தே மாற்றப்படாததாக இருந்தால் அதன் மேல் ஸ்பேசர் வைப்பதில் எந்தப் பொருளும் இல்லை.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள். பின்பக்கம் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே ஆக்சில், அதன் நடுவில் எஞ்சினின் விசையை இரண்டுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியல். சஸ்பென்ஷனை எவ்வளவு உயர்த்தினாலும் அந்த உருண்டை தரையிலிருந்து ஒரு மி.மீ.கூட எழாது, பெரிய டயர்தான் அதை உயர்த்தும், அதுவும் டயரின் விட்டம் 50 மி.மீ. கூடினால் 25 மி.மீ. மட்டும். கல் இடிப்பது டிஃபரென்ஷியலில்தான் என்றால் நீ கேட்கும் இரண்டில் எதுவும் தீர்வு அல்ல. பம்பர் முனையோ வயிற்றுப் பகுதியோ இடிக்கிறது என்றால் உயரம் உதவும்.

பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் கட்டை வைத்து உயர்த்துவதை நீ ஏற்கக் கூடாது. ஏற்றத்தில் முடுக்கும்போது ஆக்சில் முறுக்கிக்கொள்ளும் இயல்பை அந்தக் கட்டை பெரிதாக்குகிறது. ஒரு பட்டையைக் கூட்டலாம், அல்லது புதிய செட் வாங்கலாம். ஆனால் எத்தனை கிலோவுக்கு என்று முடிவு செய்வதில்தான் பலரும் தவறுகிறார்கள். நீ காப்பி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஏற்காட்டிலிருந்து இறங்குவாய், ஏறும்போது பெரும்பாலும் காலியாக வருவாய். எப்போதும் 300 கிலோ ஏற்றியிருக்கும் வண்டிக்கான பட்டையைப் போட்டால், காலியாக வரும் பாதியில் பின்பக்கம் துள்ளிக்கொண்டே இருக்கும். அதுபோல, முன்னால் இரும்பு பம்பரும், வண்டியை இழுத்து மீட்கும் வின்ச்சும் இல்லாத உன் வண்டிக்குக் கனமான முன் ஸ்பிரிங் தேவையில்லை. பட்டையை ஆக்சிலோடு பிணைக்கும் யு-போல்ட்டுகளைக் கழற்றினால் பழையவற்றையே மறுபடி முறுக்காதே, புதிதாகப் போடச் சொல். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி இறுக்கவும் சொல். பிரேக் ஹோஸின் நீளத்தை, சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையில் வைத்துப் பார். சில பிக்கப்களில் பின் ஆக்சிலோடு இணைந்து சுமைக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு இருக்கும். வண்டி உயர்ந்தால், மூட்டைகள் இருந்தும் வண்டி காலி என்றே அது கணக்கிட்டுப் பிரேக்கைக் குறைத்துவிடும். 20 வளைவுகளில் இறங்கும் உனக்கு இது அற்பமான செய்தி அல்ல.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்பாக வலியுறுத்தியது. ஆகவே எதைச் செய்வதற்கு முன்பும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேள், காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவி. இந்தக் காரணத்தாலும் உனக்கு நான் சொல்வது, தொழிற்சாலை உயரத்திலேயே நல்ல ஷாக்குகளை முதலில் போட்டு ஒரு பருவம் ஓட்டிப் பார் என்பதுதான்; உயரம் பிறகும் வேண்டியிருந்தால் அப்போது ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசலாம்.

அதற்கு முன் எனக்காக ஒரு வேலை செய். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் நடு மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை டேப்பால் அளந்து, காலியாக ஒரு முறையும் மூட்டை ஏற்றி ஒரு முறையும் குறித்து அனுப்பு. இடதும் வலதும் ஒத்திருக்கின்றனவா, பின்பக்கம் எவ்வளவு தாழ்கிறது என்று பார்த்த பிறகே எந்தப் பட்டை பொருந்தும் என்று என்னால் சொல்ல முடியும்.

அன்புடன்,
உன் நண்பன்