கிணற்று நீரின் பரிசோதனை முடிவை ஊருக்குச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியின் குடிநீர்ப் பிரச்சினை என்றவுடன், வரட்சிக் காலத்தில் பவுசர் வரவில்லை என்பதும் குழாய்வழி நீர் இன்னும் வந்து சேரவில்லை என்பதுமே பேசப்படுகின்றன. இரண்டும் நியாயமான முறைப்பாடுகளே. ஆயினும் நம் கிராமங்களில் பெரும்பாலானோர் குடிப்பதும் சமைப்பதும் வளவுக் கிணற்று நீரில்தான். அந்த நீரில் என்ன கலந்திருக்கிறது என்பது அதைக் குடிக்கும் குடும்பத்துக்குத் தெரியாதிருப்பதை எல்லாவற்றிலும் பெரிய குறையாக நான் கருதுகிறேன். யாரேனும் எப்போதாவது போத்தலில் நீர் மாதிரி எடுத்துச் செல்வதுண்டு. முடிவு ஏதோ ஒரு கோவையில் தங்கிவிடுகிறது, வீட்டுக்காரரிடம் வந்து சேர்வதில்லை.

இப்பகுதியில் பல வீடுகளின் கேத்தலைத் திறந்து பார்த்தால், அடியில் சுண்ணாம்புபோல வெள்ளைப் படிவு கெட்டியாக ஒட்டியிருக்கும். கரண்டியால் சுரண்டினால் செதில் செதிலாகக் கழன்று வரும். கண்ணுக்குத் தெரிவதால் நீரின் வன்தன்மையை எல்லோரும் அறிவர். கொதிக்கும்போது அதில் ஒரு பகுதி இவ்வாறு படிந்து நீங்கியும் விடுகிறது. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் புளோரைட்டு என்னும் உப்பு அப்படியன்று. நிறமோ மணமோ காட்டாத அது கொதிக்கவைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். கொதித்தாறிய நீரைத்தான் பிள்ளைக்குக் கொடுக்கிறேன் என்று நிம்மதியாக இருக்கும் தாய்க்கு, கிருமிகளைக் கொல்ல அது போதும், புளோரைட்டுக்குப் போதாது என்பதை யாராவது சொல்லியிருக்க வேண்டும். பற்கள் உருவாகும் எட்டு வயதுக்குட்பட்ட பருவத்தில் உடலில் மிகுதியாகச் சேரும் புளோரைட்டுத்தான் பின்னர் பற்களில் வெண்திட்டுகளாகவும் பழுப்புக் கறைகளாகவும் தெரிகிறது. லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியாக வகுத்த எல்லை. மக்கள் நாளொன்றுக்கு எவ்வளவு நீர் குடிக்கிறார்கள் என்பதைப் பார்த்தே அந்தந்த நாடு தன் எல்லையை வகுக்க வேண்டும் என்பதும் அந்நிறுவனத்தின் நிலைப்பாடே. வெயிலில் நாள் முழுதும் வயல்வேலை செய்பவர் குடிக்கும் அளவு வேறல்லவா?

1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட, காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளிலும் காணப்படுகிறது. வன்னீர், புளோரைட்டு, வேளாண் இரசாயனங்கள், வெப்பத்தால் உடல் நீரிழத்தல் எனப் பலவும் ஆராயப்பட்டும் காரணம் இதுவென்று முடிவாகவில்லை. ஆகவே கிணற்றைக் காட்டி மக்களை அச்சுறுத்துவது என் நோக்கமன்று. காரணம் முடிவாகும்வரை அளக்காமலும் சொல்லாமலும் இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை என்றே சொல்கிறேன்.

நல்ல குடிநீரின் தேவையை முன்னிட்டே பல ஊர்களில் ஆர்.ஓ. எனப்படும், நீரை மென்சவ்வின் ஊடாக அழுத்திச் செலுத்தும் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அவை புளோரைட்டையும் வன்தன்மையையும் நன்றாகவே குறைக்கக் கூடியவை. ஆனால் மென்சவ்வைக் காலத்துக்குக் காலம் மாற்றாவிட்டால் அந்தப் பயன் குறைந்துகொண்டே போகும். சைக்கிளில் கான் கட்டிவந்து காசு கொடுத்து நீர் வாங்குபவருக்கு அது தெரிய வழியில்லை. மென்சவ்வு கடைசியாக மாற்றப்பட்ட திகதியையும், உள்வரும் நீர், வெளிவரும் நீர் இரண்டினதும் பரிசோதனை முடிவுகளையும் நிலையத்தின் வாசலில் எழுதி வைப்பதற்கு ஒரு பலகை மட்டுமே தேவை. வெளியேறும் செறிந்த கழிவுநீர் எங்கே விடப்படுகிறது என்பதையும் அதிகாரிகள் பார்க்க வேண்டும். நிலையத்தின் பின்புறத்து மண்ணிலேயே அதை ஊறவிட்டால் மீண்டும் நம் நிலத்தடி நீரைத்தான் அது சேரும்.

கிருமிகளின் கதை மாரியில் தொடங்குகிறது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூழ்கடித்தது போன்ற வெள்ளம் வரும்போது மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே நீரின் கீழ் கிடக்கின்றன. வெள்ளம் வடிந்ததும் கிணற்றை ஒரே மூச்சில் இறைத்து வெறுமையாக்குவது நம்மவர் வழக்கம். சுற்றியுள்ள நிலம் நீரால் ஊறியிருக்கும்போது அப்படிச் செய்தால் கட்டு இடிந்து விழக்கூடும். சிறிது சிறிதாக இறைத்து, குளோரின் இட்டு, அதன் மீதி அளவைச் சோதித்த பின்னரே குடிக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் இதை அறிந்தவர்கள், தம்மால் இயன்றவரை செய்பவர்கள். ஒருவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் பிரதேசத்தின் பரப்பைப் பார்த்தால் அவர்களைக் குறைகூற மனம் வராது. மலக்கிருமி கலந்த நீரில் கறுப்பாக மாறும் மலிவான சோதனைத் தாள்கள் உள்ளன. நம்முடைய வெப்பநிலைக்கு அவற்றுக்கு அடைகாப்புக் கருவிகூடத் தேவையில்லை. ஆய்வுகூடப் பரிசோதனைக்கு அவை ஈடாகமாட்டா என்றாலும், உயர்தர வகுப்பு விஞ்ஞான மாணவர்களைக் கொண்டு எந்த ஊர்க் கிணறுகளில் ஐயம் உள்ளது என்று முதலில் இனங்கண்டுகொள்ள அவை போதும்.

2009ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து மக்கள் மீள்குடியேறியபோது, நிதி வந்த வேகத்தில் வீடும் கிணறும் மலசலகூடமும் ஒரே வளவில் எழுந்தன. அந்த அவசரத்தை இன்று குற்றமாகப் பார்க்கக் கூடாது. தறப்பாளின் கீழ் இருந்தவர்களுக்கு உடனே ஒரு கூரையும் மறைப்பும் தேவைப்பட்டன. ஆனால் அந்தக் குழிகள் இப்போது நிறைந்து வருகின்றன. கழிவகற்றும் பவுசரை அழைக்கப் பணமில்லாத வீடுகளில், குறிப்பாகப் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில், மாரி பிறந்தால் குழி ததும்புகிறது. கரையோர மணற்பாங்கான நிலத்தில் அந்தக் கசிவு அயல் கிணற்றை அடைய அதிக காலம் எடுக்காது. பணம் கொடுத்து அகற்றியவரும்கூட, அந்தக் கழிவு எங்கே கொட்டப்படுகிறது என்று கேட்பதில்லை. காட்டோரத்தில் கொட்டினால் அடுத்த மழையில் அது ஏதோ ஒரு குளத்துக்குத்தான் வந்து சேரும்.

இரட்டைக்குழி முறையில் ஒன்று நிறைந்ததும் மற்றதுக்கு மாற்றிவிடலாம். நிறைந்த குழியை ஓரிரு ஆண்டுகள் மூடிவைத்தால் உள்ளிருப்பது மக்கி, அள்ளக்கூடிய எருவாகிவிடும். பவுசருக்கும் வேலையில்லை. ஆகவே இனி வீட்டுத்திட்ட நிதி வழங்கப்படும்போது இரண்டாவது குழிக்கான செலவையும் அதில் சேர்க்க வேண்டும் என்றும், குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரத்தை அத்திவாரம் வெட்டுமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வளவுக்கு வந்து அளந்து கையொப்பமிட்ட பின்னரே முதற் கட்டக் காசு விடுவிக்கப்பட வேண்டும் என்றும் மாவட்டச் செயலகங்களையும் பிரதேச சபைகளையும் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
வாசகர் ஒருவர்,
மாங்குளம்.