பிடிபட்ட டாங்கிக்கு இரண்டு பெயிண்ட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பிளாஸ்டிக் மாடல் கிட்டுகள் பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஒரே ஒரு வரிதான் இடறியது. எதிரியிடமிருந்து பிடித்த டாங்கிகளின் கிட்டுகளை ‘ஸ்டிக்கரை மட்டும் மாற்றிய பழைய சரக்கு’ என்று ஒதுக்கிவிட்டார் கட்டுரையாளர். இருபது வருடமாக 1/35 அளவில் (நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு) டாங்கி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். சும்மா இருக்க முடியவில்லை.

அவர் சொன்னதில் பாதி உண்மை. பிரான்ஸின் பி1 பிஸ் டாங்கியை டாமியா நிறுவனம் பிரெஞ்சு, ஜெர்மன் என இரண்டு பெட்டிகளில் விற்கிறது; பாகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ஆனால் நிஜத்தில் நடந்தது வேறு. 1940-இல் பிரான்ஸ் தோற்றதும் கைக்கு வந்த இந்த டாங்கிகளில் சுமார் அறுபதில், முன்பக்க 75 மி.மீ. பீரங்கியைக் கழற்றிவிட்டுத் தீ உமிழும் குழாயை வைத்தார்கள் ஜெர்மானியர்கள். சோமுவா, ஹாட்ச்கிஸ் என்ற மற்ற பிரெஞ்சு டாங்கிகளில் கமாண்டரின் தலைக்கு மேலிருந்த மூடிய கூண்டின் உச்சியை வெட்டி, இரட்டைக் கதவு போட்டார்கள். தலையை வெளியே நீட்டிப் பார்த்துச் சண்டை போடுவது அவர்கள் பழக்கம்.

ரஷ்யாவின் டி-34 கதை இன்னும் சுவாரசியம். 1943-இல் கார்கிவ் டிராக்டர் தொழிற்சாலையில் அவற்றைப் பழுதுபார்த்து, தங்கள் படையிலேயே சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் தூரத்தில் டி-34-இன் உருவம் தெரிந்தாலே ஜெர்மன் பீரங்கிகள் சுட்டுவிடும். அதனால்தான் பக்கவாட்டிலெல்லாம் ஜெர்மன் படையின் அடையாளமான சிலுவை அவ்வளவு பெரிதாக. சொந்த விமானம் குண்டு போடாமல் இருக்க மேலே தங்கள் கொடியையும் விரித்துக் கட்டினார்கள். கிட்டில் சிலுவை ஏன் இவ்வளவு அசிங்கமாகப் பெரிதாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். (பல கிட்டுகளில் நாஜிகளின் ஸ்வஸ்திகா இரண்டு துண்டாக அச்சாகி வரும். அந்தச் சின்னத்தைத் தடைசெய்யும் ஜெர்மனியின் சட்டத்துக்குப் பயந்து!)

இனி பெயிண்டுக்கு வருகிறேன். அடியில் ரஷ்யப் பச்சை, அது காய்ந்ததும் தலைக்கு அடிக்கும் சாதாரண ஹேர் ஸ்ப்ரே, அதன்மேல் ஜெர்மன் மஞ்சள். ஒரு மணி நேரம் கழித்து ஈரத் தூரிகையால் ஓரங்களில் லேசாகத் தேய்த்தால் மஞ்சள் உரிந்து பழைய பச்சை எட்டிப் பார்க்கும். அதிகம் தேய்த்துவிட்டால் போச்சு. நான் ஒரு டாங்கியின் பீரங்கிக் கோபுரத்தையே அப்படிப் பாழாக்கி, மறுபடி முதலிலிருந்து அடித்திருக்கிறேன். முந்தைய சொந்தக்காரனின் நிறம் இப்படி அடியிலிருந்து தெரிவதுதான் பிடிபட்ட டாங்கியின் அழகு.

நம் நாட்டிலும் பிடிபட்ட டாங்கிகள் உண்டு. 1965 செப்டம்பர் போரில் பஞ்சாபின் அசல் உத்தரில் சிக்கிய பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் அத்தனை என்பதால், பிக்கிவிண்ட் அருகே அவற்றை நிறுத்திவைத்த இடத்துக்கே பேட்டன் நகர் என்று பெயர் வந்தது. பிறகு பல ஊர்களில் பீடமேறின. பீடத்தில் இருப்பவற்றுக்கு எத்தனையோ முறை பெயிண்ட் அடித்தாகிவிட்டது. அதைப் பார்த்து நிறம் முடிவு செய்ய முடியாது. என் மேசையில் ஒரு எம்48 பேட்டன் கிட் ஆறு மாதமாகப் பாதியில் நிற்கிறது. வாசகர்களின் வீட்டு ஆல்பத்தில் அந்தக் காலத்துப் படம் ஏதாவது இருந்தால், கறுப்பு வெள்ளையானாலும் சரி, தயவுசெய்து உங்கள் இதழில் வெளியிடுங்கள். எண்ணும் குறியும் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகர், கோவை