ஆய்வகத் தட்டு கழுவுகிறவர்களுக்கும் தடுப்பூசி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குமரி மாவட்டக் கல்லூரி ஒன்றின் நுண்ணுயிரியல் துறையில் 28 ஆண்டுகள் லேப் அட்டெண்டராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். போன வாரம் எங்கள் தெருப் பெண்ணொருத்தி வீட்டுக்கு வந்தாள். வேறோர் ஆய்வகத்தில் கிருமி வளர்த்த தட்டு, குழாய்களைக் கழுவும் தற்காலிக வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது. "மாமா, தட்டுல பூத்துக் கெடக்கத சுடுதண்ணி ஊத்திக் கழுவுனா போதும்லா?" என்று கேட்டாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் வலது கட்டைவிரலில் இன்றும் ஒரு தழும்பு உண்டு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், கழுவும் தொட்டிக்குள் உடைந்து கிடந்த சோதனைக்குழாய் கிழித்தது. மறுநாள் மணிக்கட்டு வரை வீங்கிவிட்டது. "எந்தக் கிருமி வளர்த்த குழாய்?" என்று டாக்டர் கேட்டார். குழாயில் பெயரே எழுதியிருக்கவில்லை. ஒன்பது நாள் ஊசி போட்டுக்கொண்டேன்.

கிருமி வளர்ந்த தட்டும் குழாயும் தொட்டிக்கு வருமுன் ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியில் கிருமியைக் கொல்லும் கலனில், 121 டிகிரி செல்சியஸில் அவிய வேண்டும். 15 நிமிடம் என்பது புத்தகக் கணக்கு. பை நிறையக் கழிவு இருந்தால் நடுவில் சூடு ஏற இன்னும் நேரம் பிடிக்கும். உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றாமல் வால்வை மூடினால் அழுத்தம் காட்டும் முள் 15 பவுண்டு காட்டும், சூடு 121-ஐ எட்டாது. ஐப்பசி மழையில் பாதியில் கரண்ட் போனால், மீதி நிமிடத்தை மட்டும் ஓட்டக் கூடாது. முதலிலிருந்து வைக்க வேண்டும். பை மேல் ஒட்டும் சூடுகாட்டிப் பட்டையில் கோடு கறுத்தால் சூடு பட்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். கிருமி செத்ததா என்று அறிய ஸ்போர் துண்டு (சூட்டைத் தாங்கும் கிருமி வித்து தடவிய காகிதம்) வைத்து, அதுவும் செத்ததா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன், ஒருவரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை.

எங்களிடம் இருந்த லேமினார் ஃப்ளோ மேடையில் காற்று உள்ளிருந்து நம் முகத்துக்கு நேராக வீசும். தட்டில் தூசி விழாமல் காக்க வந்த மேடை அது, ஆளைக் காக்க அல்ல. அதில் நோய்க்கிருமியைத் திறந்து வைத்து வேலை செய்த மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

1978-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில், பெரியம்மை ஆய்வுக்கூடத்துக்கு மேல்மாடியில் வேலை பார்த்த புகைப்படக்காரர் ஜேனட் பார்க்கர் பெரியம்மை கண்டு இறந்தார். அவர் ஆராய்ச்சியாளரே இல்லை.

2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், ஆய்வகக் கழிவை அங்கேயே கிருமிநீக்கம் செய்த பிறகுதான் வெளியே அனுப்ப வேண்டும் என்கின்றன. கழிவைத் தொடுகிறவர்களுக்கு வேலையில் சேரும்போதும் பின்பு ஆண்டுக்கொரு முறையும் பயிற்சி தர வேண்டும். ஹெப்படைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகளும் போட வேண்டும். அந்தப் பெண்ணிடம் கேட்டேன். பயிற்சியும் இல்லை, ஊசியும் இல்லை. ஒரு ஜோடி கையுறை கொடுத்து, "கிழிஞ்சா சொல்லு" என்றார்களாம்.

கல்லூரி முதல்வர்களையும் ஆய்வகம் நடத்துகிறவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். தற்காலிகம் என்று பார்க்காமல் முதல் நாளே ஊசிக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு குழாயிலும் கிருமியின் பெயரும் தேதியும் எழுதச் சொல்லுங்கள். தொட்டிக்கு மேலே சுவரில் செய்ய வேண்டியதைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். அவள் வேலை செய்யும் இடத்தில் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறதாம், அவள் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆட்டோகிளேவ் வைக்கும் முறையைக் காட்டித்தர ஆள் இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன். தக்கலையிலிருந்து எல்லா ஊருக்கும் பஸ் இருக்கிறது.

- ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
தக்கலை.