அண்டார்டிகாவை ஒட்டிய வெடல் கடலிலிருந்து

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. அறுவைச் சிகிச்சை முடிந்து அம்மா எழுந்து நடக்கிறார் என்று படித்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. இங்கே சூரியனைப் பார்த்து மூன்று வாரமாகிறது. கப்பல் விளக்கு எட்டும் தூரம்தான் உலகம்.

"தண்ணீரை அளக்க அவ்வளவு தூரம் போகணுமா?" என்று கேட்டிருந்தாய். நேற்றிரவு தளத்தில் நின்றபோது அந்தக் கேள்விதான் மனதில் ஓடியது.

ஆழத்து நீரைப் பிடித்துவர 24 குப்பிகளும் வெப்பம் அளக்கும் சென்சாரும் பொருத்திய வட்டச் சட்டத்தை, வடம் சுற்றும் வின்ச் எந்திரத்தில் இறக்கினோம். நொடிக்கு ஒரு மீட்டர்தான். 4500 மீட்டர் போக ஒன்றேகால் மணி நேரம். திரையில் மேற்பரப்பு மைனஸ் 1.8 டிகிரி. சில நூறு மீட்டர் இறங்கியதும் பூஜ்யத்தைத் தாண்டி ஏறியது. வடக்கிலிருந்து வந்து சேர்ந்த பழைய நீர் அது. வெகுகாலமாகக் காற்றையே காணாதது. பிறகு மெல்ல மெல்லக் குறைந்து, கடல்தரையை நெருங்கியபோது மைனஸ் 0.8. அதற்குத்தான் காத்திருந்தேன்.

கடல் உறையும்போது பனி உப்பைத் தன்னுள் வைத்துக்கொள்வதில்லை, பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடும். அந்த உப்பு கலந்து கனத்த குளிர்நீர் கரையோரத்தில் மூழ்கி, சரிவில் வழிந்து ஆழத்துக்கு இறங்குகிறது. காற்றிலிருந்து வாங்கிய ஆக்சிஜனையும் கூடவே கொண்டுபோகிறது. அங்கிருந்து தரையோடு தரையாகப் பரவி, பூமத்திய ரேகையையும் தாண்டிப் போகிறது. எங்கோ இருளில் கிடக்கும் உயிர்களுக்கு மூச்சு இங்கிருந்து போகிறதென்றால், அதை அளக்க வராமல் இருக்க முடியுமா, சொல்!

குப்பிகள் மேலே வந்ததும் ஓட வேண்டும். வெளியே மைனஸ் 22 டிகிரி. சற்று தாமதித்தாலும் குழாய்முனை உறைந்துவிடும், சென்சாரின் கண்ணாடிக் குழல் விரிசல் விடும். போன வாரம் அப்படி ஒன்றை இழந்தோம், அன்று முழுக்க யாருக்கும் பேச்சே வரவில்லை. சூடாக்கிய கூடத்துக்குள் கொண்டுவந்து, ஆக்சிஜனுக்கான நீரை முதலில் பிடிக்கிறோம், ஒரு குமிழிகூட நுழையாமல். ஆக்சிஜனை அளப்பதற்கான வேதிப்பொருளை விட்டதும் பழுப்பாகப் படிகிறது. நடு ஆழத்தில் குறைந்திருந்த ஆக்சிஜன், தரைநீரில் மறுபடி கூடியிருந்தது. அந்த எண்ணைக் குறிக்கும்போது என் கை நடுங்கியது குளிரால் மட்டும் அல்ல. இந்த அடிநீர் கடந்த சில பத்தாண்டுகளில் வெப்பமேறி, அளவிலும் சுருங்கி வருகிறது. அந்த மாற்றம் தெரிவது தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டாவது, மூன்றாவது இலக்கத்தில்தான். அதனால் ஒரே குப்பியை மூன்று தடவை அளந்தாலும் எனக்குச் சலிக்கவில்லை.

இன்னொன்று. 1893 முதல் 1896 வரை வடதுருவப் பனியோடு மிதந்த 'ஃபிராம்' கப்பலின் பயணத்தில், நார்வே ஆய்வாளர் நான்சென், பனி காற்றின் திசையிலேயே போகாமல் வலப்பக்கம் விலகுவதைக் கவனித்தார். பூமி சுழல்வதுதான் காரணம் என்று ஸ்வீடன் கடலியலாளர் எக்மன் பிறகு கணக்குப் போட்டுக் காட்டினார். இங்கே தெற்கில் அது இடப்பக்கம். படித்தது இருபது வருடத்துக்கு முன்னால். கண்ணால் பார்த்தது முந்தாநாள்.

கப்பல் நுழைய முடியாத இடங்களில் நமக்காக யானைச்சீல்கள் அளக்கின்றன, தெரியுமா? தலையில் ஒட்டிய சிறு கருவியோடு முங்கி எழுகின்றன. மேலே வரும்போது செயற்கைக்கோளுக்குத் தகவல் போகிறது. ரோமம் உதிரும்போது கருவியும் விழுந்துவிடும். அவற்றை நினைத்தால் எனக்கு நன்றிதான் பொங்குகிறது.

அம்மாவின் கால் வீக்கம் வடிந்துவிட்டதா? அதை மட்டுமாவது ஒரு வரி எழுது.

என்றும் உன்,
பழைய அறைத்தோழன்