மானிட்டரில் தெரிவதை வைத்து வெளிச்சம் வைக்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ஒளிப்பதிவுத் தொழில் பற்றி வந்த கட்டுரை, தரமணி, புனே திரைப்படக் கல்லூரிகளில் சேரும் வழியை நன்றாகவே சொல்லியிருந்தது. ஆனால், ‘டிஜிட்டல் வந்த பிறகு எல்லாம் மானிட்டரிலேயே தெரிந்துவிடுகிறது, அதனால் வருஷக்கணக்கில் உதவியாளராக இருக்க வேண்டியதில்லை’ என்ற பொருளில் ஒரு பத்தி வந்திருக்கிறது. அதை நம்பி ஒரு பையனோ பெண்ணோ இந்தத் தொழிலுக்கு வந்தால் முதல் படத்திலேயே அடி வாங்குவார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

வெளிப்புறப் படப்பிடிப்பில் என்ன நடக்கிறது? வெயிலில் மானிட்டர் தெரியவில்லை என்று அதன் வெளிச்சத்தை ஏற்றுகிறார்கள். ஏற்றிவிட்டால், ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைவாகப் பதிவாகும் ஷாட்டும் கண்ணுக்குச் சரியாகவே தெரியும். இரவுக் காட்சியில் இன்னும் மோசம். சுற்றிலும் கும்மிருட்டு, நடுவில் பளிச்சென்று ஒரு திரை. ‘போதும், இன்னும் கொஞ்சம் குறைக்கலாம்’ என்று தோன்றிக்கொண்டே இருக்கும். திரையின் பிரகாசத்தை நிட்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வெளிப்புறத்துக்கான மானிட்டர்கள் 1,000 நிட்ஸுக்கு மேலும் போகும். தியேட்டர் திரைக்கான தரமோ 48 நிட்ஸ்தான். புரொஜெக்டரின் விளக்கு பழசாகிவிட்ட தியேட்டரில் அதுவும் கிடைக்காது. அங்கே கதாநாயகியின் கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறுப்புக் குழி இருக்கும். படப்பிடிப்புக்குப் பிறகு கம்ப்யூட்டரில் நிறமும் வெளிச்சமும் சரிசெய்யும் டி.ஐ.யில் தூக்கிப் பார்க்கலாம், ஆனால் கறுப்பு சாம்பல் பூத்து நாய்ஸ் என்ற புள்ளிகள் கொதிக்கும்.

இதற்கு மருந்து, விழும் வெளிச்சத்தை அளக்கும் பழைய லைட் மீட்டர்தான். நடிகர் முகத்தருகே மீட்டரைப் பிடித்து, அதன் வெள்ளைக் குமிழைக் கேமரா பக்கம் திருப்பி அளக்க வேண்டும். கேமராவின் ஒளி உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 800, விநாடிக்கு 24 ஃபிரேம், லென்ஸ் திறப்பு ஸ்டாப் 2.8 என்றால் முகத்தில் விழும் வெளிச்சம் ஏறத்தாழ 12 ஃபுட் கேண்டில் வேண்டும். முதன்மை விளக்கான கீ லைட் எவ்வளவு, நிழலை நிரப்பும் ஃபில் எவ்வளவு என்று தனித்தனியாக அளந்து, லென்ஸ், ஃபில்டர், கேமரா உயரத்தோடு நோட்டில் எழுத வேண்டும். காட்சி முழுவதையும் காட்டும் மாஸ்டர் ஷாட்டைப் பகல் 2 மணிக்கு எடுத்துவிட்டு க்ளோசப்பை 5 மணிக்கு எடுக்கும்போது இந்த நோட்டு இல்லாவிட்டால் இரண்டும் ஒட்டவே ஒட்டாது. பதிவாகும் வெளிச்சத்தை மானிட்டரிலேயே வரைபடமாகக் காட்டும் வேவ்ஃபார்மும், நிறங்களாகக் காட்டும் ஃபால்ஸ் கலரும் உதவும், மறுக்கவில்லை. ஆனால் அவை ஃபிரேமில் பதிவானதைத்தான் காட்டும். கேமரா வருமுன்பே லைட்மேனிடம் ‘இங்கே அரை ஸ்டாப் குறை’ என்று சொல்ல மீட்டர் பிடித்த கை வேண்டும்.

உதவியாளராக இருந்தே ஆக வேண்டுமா, சுப்ரதா மித்ரா இருக்கவில்லையே என்று சிலர் கேட்பார்கள். மூவி கேமராவை இயக்கிய பழக்கமே இல்லாமல் 21 வயதில் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’க்கு ஒளிப்பதிவு செய்ய வந்தவர் அவர். உண்மைதான். ஆனால் அதற்கு முன் கல்கத்தாவில் பிரெஞ்சு இயக்குநர் ரென்வார் படமெடுத்தபோது தினமும் போய் நின்று, விளக்கு எங்கே நின்றது, நடிகர் எங்கே நகர்ந்தார் என்று வரைந்து வரைந்து குறித்தவர். 1956இல் வந்த, ராயின் ‘அபராஜிதோ’வுக்காகக் காசி வீட்டின் முற்றத்தை ஸ்டுடியோவில் போட்டபோது, வானத்திலிருந்து இறங்கும் நிழலில்லாத வெளிச்சத்தை நேர் விளக்குகளால் கொண்டுவர முடியாது என்று கண்டார். முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, கீழிருந்து விளக்கை அதில் அடித்துத் திருப்பினார். இன்று தெர்மகோலில் பவுன்ஸ் அடிக்கும் ஒவ்வொரு யூனிட்டும் செய்வது அதைத்தான். பார்த்துக் குறித்துப் பழகிய கண்ணுக்குத்தான் அது எட்டியது. நம் ஊரில் அந்தப் பழக்கத்தைத் தந்தது உதவியாளர் வாழ்க்கை. ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராமிடம் இருந்து ஜீவா, கே.வி.ஆனந்த், திரு என்று ஒரு வரிசையே வந்தது.

ஷாட் ஓடும்போது லென்ஸைத் திருப்பி நடிகரைத் தெளிவாக வைத்திருக்கும் ஃபோகஸ் புல்லர் வேலையைக் கட்டுரை ஒரு வரியில் கடந்துவிட்டது வருத்தமாக இருந்தது. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 85 எம்.எம். லென்ஸ், ஸ்டாப் 2, நடிகர் 6 அடியில். இதில் தெளிவாக இருப்பது ஏறத்தாழ இரண்டு அங்குலம் மட்டும். வசனம் பேசும்போது ஒருவர் தன்னையறியாமல் மூன்று நான்கு அங்குலம் முன்னால் சாய்வார். மானிட்டரில் மசங்குவதைப் பார்த்துவிட்டுத் திருப்பினால் அதற்குள் ஷாட் போய்விட்டது. அதனால் டேப்பில் அளந்து மார்க் போட்ட பிறகு, நல்ல ஃபோகஸ் புல்லரின் கண் நடிகரின் தோளில்தான் இருக்கும். முகத்துக்கு முன்பே தோள் நகரும்.

காலையில் அவர் செய்யும் இன்னொரு வேலை வெளியே யாருக்கும் தெரியாது. கேமராவில் லென்ஸ் பொருந்தும் பி.எல். மவுன்ட்டிலிருந்து, படம் பதிவாகும் சென்ஸார் வரையுள்ள தூரம் 52 எம்.எம். வெயிலில் கேமரா சூடாகியோ, வண்டியில் அடிபட்டோ அது மயிரிழை மாறினாலும் லென்ஸில் எழுதியிருக்கும் அடிக்கணக்கு பொய்யாகிவிடும். வைட் லென்ஸில்தான் இது முதலில் காட்டிக்கொடுக்கும். எனவே முதல் ஷாட்டுக்கு முன் ஒவ்வொரு லென்ஸையும் சார்ட் வைத்துப் பார்க்க வேண்டும்.

விளக்கின் துடிப்பு படத்தில் மினுக்கலாகத் தெரியும் ஃப்ளிக்கர் இன்னொரு தலைவலி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது டியூப்லைட் விநாடிக்கு 100 முறை துடிக்கும். 24 ஃபிரேமில் ஷட்டரை 172.8 டிகிரி வைத்தால், ஒவ்வொரு ஃபிரேமும் பதிவாக 1/50 விநாடி, அதாவது சரியாக இரண்டு துடிப்பு, கிடைத்துப் படம் மினுக்காமல் நிற்கும். கடைகளில் தொங்கும் மலிவான எல்.இ.டி.க்கு இந்தக் கணக்கு செல்லாது. ஸ்லோமோஷன் எடுப்பதென்றால், முன்கூட்டி இடம் பார்க்கப் போகும் ரெக்கியிலேயே அதே ஃபிரேம் வேகத்தில் டெஸ்ட் எடுப்பது ஒன்றே வழி. வெளிப்புறத்தில் வெளிச்சத்தைக் குறைக்கும் கனமான என்.டி. ஃபில்டர் போடும்போது, அதில் ஐ.ஆர். (அகச்சிவப்பு ஒளி) தடுப்பு இல்லை என்றால், கறுப்பு பாலியஸ்டர் சட்டை செம்பழுப்பாகப் பதிவாகும். டி.ஐ.யில் சட்டையைச் சரிசெய்தால் முகம் பச்சையடிக்கும்.

அப்புறம் டி.ஐ. படப்பிடிப்பு முடிந்து பல மாதம் கழித்து அது நடக்கும்போது ஒளிப்பதிவாளர் பெரும்பாலும் அடுத்த படத்தின் அவுட்டோரில் இருப்பார். அவர் இல்லாமல் யாரோ சொல்லும் நிறம் படத்தில் ஏறுகிறது, பெயர் மட்டும் அவருடையது. ஒப்பந்தம் போடும் அன்றே டி.ஐ.க்கு இத்தனை நாள், அதற்கும் சம்பளம் என்று எழுதி வாங்கப் புதியவர்கள் கூச்சப்படக் கூடாது. ஒவ்வொரு செட்டப்பிலும் நிறத்துக்கு அளவுகோலான சாம்பல் நிற அட்டை (கிரே கார்டு) ஒன்றைப் பதிவு செய்து வைத்தால், தான் இல்லாத அறையிலும் நிறம் சரிசெய்யும் கலரிஸ்ட்டுக்கு ஒரு பிடி இருக்கும். ரிலீஸுக்கு முன் பிரிவியூ தியேட்டரோடு நிற்காமல், சாதாரண ஊர் தியேட்டர் ஒன்றிலும் இரவுக் காட்சி ரீலை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்த பகுதியில் ஃபோகஸ் புல்லர், கேமரா அட்டெண்டர், லைட்மேன் என்று மூவரையாவது பேச வையுங்கள். தொழிலுக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்கு முதல் ஐந்து வருஷம் எப்படி இருக்கும் என்பது அவர்கள் வாயிலிருந்து வரட்டும்.

இப்படிக்கு,
வாசகர், சாலிகிராமம், சென்னை