கடற்பாசித் தூள் வாங்குமுன்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மீன்தீன் எடுக்க வரும் கனபேர் இப்போது "அந்தக் கடற்பாசி மருந்தும் தாங்கோ" என்று கேட்கிறீர்கள். அது மருந்து இல்லை, மீனின் நோய் எதிர்ப்பைக் கூட்டத் தீனில் கலக்கும் தூள். மீன் செத்து மிதக்கத் தொடங்கிய பிறகு வாங்கினால் காசுதான் வீண். நோய் கண்ட மீன் தீனே எடுக்காது, பிறகு தீனில் கலந்தது எப்படி உள்ளே போகும்?

பழுப்புக் கடற்பாசியில் லாமினரின் என்றொரு மாச்சத்து இருக்கிறது. பூஞ்சணத்தின் சுவரில் உள்ள சர்க்கரையை ஒத்தது அது. அதைக் கண்டதும் மீனின் வெள்ளணுக்கள் கிருமி நுழைந்துவிட்டதாக எண்ணி உசாராகிவிடும். உண்மையான கிருமி வரும்போது தாக்குப்பிடிக்க அது உதவும். ஆனால் இதற்கு இரண்டு மூன்று வாரமாவது வேண்டும். ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் வற்றிச் சூடேறும் காலத்தில்தான் திலாப்பியா மீனை ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற பக்டீரியா கூடுதலாகத் தாக்கும். கண் பிதுங்கும், மீன் வட்டமடித்து நீந்தும். ஆகவே ஆடியிலேயே கொடுக்கத் தொடங்குங்கள்.

ஒரு கிலோ தீனுக்கு 5 முதல் 10 கிராம் காணும். கொஞ்சம் தேங்காயெண்ணெயில் குழைத்து, தீனில் பிரட்டி, நிழலில் உலர்த்திப் போடுங்கள். எண்ணெய் இல்லாவிட்டால் தூள் தண்ணீரில் கரைந்து போய்விடும். கூடப் போட்டால் கூடப் பலன் என்று நினைக்க வேண்டாம். பாசி அளவு மீறினால் செரிமானம் குறைந்து வளர்ச்சி பின்தங்கும்.

வவுனிக்குளம் போன்ற பெரிய குளங்களில் மீன்குஞ்சு விடுகிற மீனவர் சங்கத்தாருக்கு இது தேவையே இல்லை. அங்கே மீன் இயற்கை உணவைத்தான் தின்கிறது, தீன் போடாத இடத்தில் எதில் கலப்பது? தொட்டியிலும் பண்ணைக்குளத்திலும் தீன் போட்டு வளர்ப்பவர்களுக்கே இது பயன்படும்.

மிளகாய்க்கும் நெல்லுக்கும் விசிறும் கடற்பாசித் திரவத்தை மீனுக்குக் கொடுக்கவே கூடாது. அவற்றில் பலவற்றை அல்கலி என்ற காரப்பொருள் சேர்த்துத்தான் எடுக்கிறார்கள். கரையில் ஒதுங்கும் பாசியை அள்ளி அரைப்பதும் வேண்டாம். உப்பும் மணலும் ஒருபுறம் இருக்க, சில பழுப்புப் பாசிகள் ஆர்சனிக் என்ற நஞ்சையும் சேர்த்து வைத்திருக்கும். பூநகரிப் பக்கம் வளர்க்கும் பாசி சிவப்பு வகை. அதில் கராஜீனன் என்ற கூழ்ப்பொருள் எடுப்பார்கள், லாமினரின் கிடைக்காது.

இன்னொன்று: விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் திறந்தால் அது ஒட்சிசன் குறைவு. உடனே தீனை நிறுத்தித் தண்ணீர் மாற்றுங்கள், தூள் அதற்கு உதவாது.

கடைக்கு வரும்போது குளத்தின் அளவு, மீனின் எண்ணிக்கை, போடும் தீன் மூன்றையும் சொல்லுங்கள். தூள் தேவையில்லை என்றால் விற்கமாட்டோம்.