இணைப்புச் சொல்லைத் தமிழ் வழியாகச் சொல்லிக் கொடுங்கள்: மதுரை ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்டத்துப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் ஒத்தக்கடையில் மொழிபெயர்ப்பும் தட்டச்சும் செய்து பிழைக்கிறவன். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலையில் திறக்கப்பட்ட பிறகு இந்தப் பக்கம் வளர்ந்த தொழில் இது. கீழ்க்கோர்ட்டில் தமிழில் நடந்த வழக்கு மேல்முறையீட்டுக்கு வந்தால் காகிதங்கள் ஆங்கிலத்தில் வேண்டும். உயர்நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில்தான் என்று அரசியல் சாசனத்தின் 348ஆவது பிரிவு சொல்கிறது. கிரையப் பத்திரம், சாட்சி வாக்குமூலம், பஞ்சாயத்துத் தீர்மானம் எல்லாம் மொழிபெயர்ந்து டைப்டு செட்டில், அதாவது வழக்கோடு தாக்கல் செய்யும் தட்டச்சுக் கட்டில், சேர வேண்டும். இதுபோக மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து மனு எழுத வருகிறவர்கள், வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்கிறவர்கள் என்று நாள் முழுவதும் ஆள் வந்துகொண்டே இருக்கும்.

வருகிறவர்களில் நிறையப் பேர் உங்களிடம் படித்துப் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள். அப்பா அம்மாவுக்காகத் தாங்களே எழுதிய கைப்பிரதியோடு வருகிறார்கள். எழுத்துப் பிழையை ஃபோன் திருத்திவிடுகிறது. காலம், ஒருமை பன்மை எல்லாம் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. தடுமாறுகிற இடம் ஒன்றுதான். இரண்டு வாக்கியத்தைச் சேர்த்துக் கட்டுகிற சொல்லில், இஃப் போடுவதா வெதர் போடுவதா, அன்லெஸ்ஸா அன்டிலா, அண்டா ஆரா என்பதில், கை நின்றுவிடுகிறது, அல்லது தவறானதை எழுதிவிடுகிறது.

இந்த வித்தியாசங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. தமிழில் தினம் தினம் அவற்றைச் சரியாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆங்கில வகுப்புக்குள் நுழைந்ததும் அந்த அறிவை வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொல்கிறோம். என் மனக்குறை அதுதான்.

ஒரு மனுவையே எடுத்துச் சொல்கிறேன். இறந்துபோன அப்பாவின் பி.எஃப். பணம் பற்றி அம்மாவுக்காக ஒரு பெண் எழுதி வந்திருந்தாள். (தகவல் உரிமை மனுவைத் தமிழிலேயே எழுதலாம், சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் மத்திய அரசு அலுவலகம் என்றால் இங்கிலீஷில் போனால்தான் நகரும் என்று மக்கள் நம்புகிறார்கள்.) அவள் எழுதியிருந்தது: "இன்ஃபார்ம் மி இஃப் தி அமௌன்ட் ஹாஸ் பீன் பெய்ட்." பணம் கொடுக்கப்பட்டதா என்று தெரிவியுங்கள் என்பது அவள் மனதில் இருந்தது. ஆனால் அந்த வாக்கியத்தைப் பணம் கொடுக்கப்பட்டிருந்தால் தெரிவியுங்கள் என்றும் படிக்கலாம். இரண்டாவது மாதிரி படிக்கிற அதிகாரிக்கு, பணம் போகவில்லை, ஆகவே தெரிவிக்க ஒன்றுமில்லை என்று கோப்பைக் கட்டிவைக்க வாக்கியமே வழிவிடுகிறது. முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்று சட்டம் சொல்லும்; எந்தக் கேள்விக்குப் பதில் என்பதை நம் வாக்கியம்தான் சொல்ல வேண்டும். இஃப் இருந்த இடத்தில் வெதர் போட்டுவிட்டால் அந்த ஓட்டை அடைபட்டுவிடும். போயிருந்தாலும் போகாவிட்டாலும் பதில் வந்தாக வேண்டும்.

இப்போது தமிழைப் பாருங்கள். "அப்பா வந்தால் சொல்லு", "அப்பா வந்தாரா என்று சொல்லு". ஐந்து வயதுப் பிள்ளை இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாது. ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசுகிறவர்களுக்குத்தான் இது குழப்பம், ஏனென்றால் அவர்கள் பேச்சில் இஃப் இரண்டு வேலையும் பார்க்கிறது. நம் பிள்ளைகளுக்கு அந்தச் சிக்கல் வர நியாயமே இல்லை. தமிழில் "ஆல்" வருகிற இடத்தில் இஃப், "ஆ என்று" வருகிற இடத்தில் வெதர். கரும்பலகையில் இந்த ஒரு வரியை எழுதிவிட்டு மற்றதைச் சேர்த்துக்கொள்ளலாம்: முன்னிடைச் சொல்லுக்கு (பிரிபொசிஷனுக்கு) பின்னால், "டு" போட்ட வினைக்கு முன்னால், வாக்கியத்தின் தொடக்கத்தில் எழுவாயாக நிற்கும்போது, இங்கெல்லாம் வெதர் மட்டும்தான் நிற்கும். "ஐ டோன்ட் நோ இஃப்" என்று பேச்சுவாக்கில் எழுதிய பிள்ளைக்குச் சிவப்பு மையில் சுழி போடாதீர்கள். அது நெடுநாள் வழக்கு, பிழையில்லை. கடிதத்திலும் மனுவிலும் ஏன் கூடுதல் கவனம் வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்று சொல்ல வரவில்லை. சில இடத்தில் தமிழேதான் காலை வாரும். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தனக்கு வந்த இன்சூரன்ஸ் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். பதினைந்து நாளுக்குள் ஆவணங்களைச் சமர்ப்பிக்காவிட்டால் கிளெய்ம் நிராகரிக்கப்படும் என்று சொல்ல நினைத்து, "அன்லெஸ் யூ டு நாட் சப்மிட்" என்று எழுதியிருந்தார்கள். எழுத்துக்கு எழுத்து படித்தால் ஆவணம் கொடுத்தால்தான் கிளெய்ம் நிராகரிக்கப்படும் என்று பொருள்! எழுதியவர் தமிழில் யோசித்திருக்கிறார் என்பது வாக்கியத்திலேயே தெரிகிறது. "சமர்ப்பிக்காவிட்டால்" என்பதில் மறுப்பு வினைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அன்லெஸ் போட்டாலோ, மறுப்பை அந்தச் சொல்லே சுமந்துகொள்ளும். வினைக்குள் இன்னொரு "நாட்" வந்தால் அர்த்தம் தலைகீழாகிவிடும்.

அன்டில் கதையும் இதுவே. "பணம் கட்டாத வரை லைன் கொடுக்க மாட்டோம்" என்கிறோம், "பணம் கட்டும் வரை லைன் கொடுக்க மாட்டோம்" என்றும் சொல்கிறோம். தமிழில் இரண்டும் செல்லும். ஆங்கிலத்தில் அன்டிலுக்குப் பின்னால் இரண்டாவதுதான் செல்லும். "அன்டில் யூ டு நாட் பே" என்று எழுதுகிற பிள்ளையின் தலைக்குள் முதல் வாக்கியம் ஓடுகிறது. அதை எடுத்துக் காட்டாமல் "தப்பு" என்று மட்டும் எழுதினால் அடுத்த முறையும் அதையேதான் எழுதும். எங்கே தமிழ் வழிகாட்டும், எங்கே வழி மாற்றும் என்று தெரிந்த ஆசிரியர்தான் இதைத் திருத்த முடியும். அந்த வகையில் வெள்ளைக்கார ஆசிரியரைவிட நீங்கள் ஒரு படி மேலே நிற்கிறீர்கள்.

காணி வழக்குகளில் என்னை அதிகம் நிறுத்திவைக்கிற சொல் சின்ஸ். எதிர்மனுதாரர் சுவாதீனம் எடுத்துக்கொண்டதிலிருந்து தீர்வை கட்டப்படவில்லை என்பது ஒரு விஷயம். சுவாதீனம் எடுத்துக்கொண்டதால் கட்டப்படவில்லை என்பது வேறு விஷயம். முதலாவது காலத்தைச் சொல்கிறது. இரண்டாவது பழியை ஒருவர் தலையில் வைக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டையும் "சின்ஸ் தி ரெஸ்பான்டன்ட் டுக் பொசஷன்" என்றே தொடங்கலாம். எதிர்த்தரப்பு வக்கீல் தனக்குச் சாதகமான பொருளைத்தான் பிடித்துக்கொள்வார். காரணம் சொல்லும்போது சின்ஸ் வரவே கூடாது என்று சிலர் வகுப்பில் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுப்பதைக் கேட்டிருக்கிறேன். அந்தத் தடைக்கு ஆதாரமில்லை. நல்ல ஆங்கில எழுத்தில் காரணத்துக்குச் சின்ஸ் வந்துகொண்டுதான் இருக்கிறது. "இலிருந்து" என்று வைத்துப் படி, பிறகு காரணம் காட்டும் "ஆல்" என்று வைத்துப் படி. இரண்டும் பொருந்தினால் காரணத்துக்கு பிகாஸ் போடு. இந்தச் சோதனையைச் சொல்லிக் கொடுத்தால் போதும். ஆஸ், வைல் இரண்டுக்கும் இதே சோதனைதான். "போது" என்றும் பொருந்தி வேறு மாதிரியும் பொருந்தினால் சொல்லை மாற்ற வேண்டும்.

அண்டும் ஆரும் எளிது என்று ஆறாம் வகுப்போடு விட்டுவிடுகிறோம். இலவசச் சட்ட உதவிக்கு எழுதுகிறவர் "எனக்கு வீடும் நிலமும் இல்லை" என்று நினைத்து "நோ ஹவுஸ் அண்ட் லேண்ட்" என்று எழுதுகிறார். தமிழில் "உம்" போட்டு "இல்லை" என்று முடித்தால் இரண்டுமே இல்லை என்றுதான் அர்த்தம், சந்தேகத்துக்கு இடமில்லை. ஆங்கிலத்தில் மறுப்புக்குக் கீழே அண்ட் வந்தால், இரண்டும் சேர்ந்து இல்லை, ஒன்று இருக்கலாம் என்று வாதாட முடியும். அங்கே ஆர் வேண்டும், அல்லது நெய்தர், நார் வேண்டும்.

இதெல்லாம் நுணுக்கம் பார்ப்பவர்களின் சண்டை என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2024 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பல்சிஃபர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனையிலிருந்து விலக்குக் கேட்கிறவருக்கு முந்தைய குற்றப் பதிவில் இன்னது, இன்னது, அண்ட் இன்னது இருக்கக் கூடாது என்று 2018இல் திருத்திய சட்டம் சொன்னது. மூன்றில் ஒன்று இருந்தாலே விலக்குப் போய்விடுமா, மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் போகுமா? ஆறு நீதிபதிகள் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம். ஒன்று இருந்தாலே போய்விடும் என்று பெரும்பான்மை சொன்னது. நம் "உம்", "இல்லை" சேர்ந்தால் என்ன பொருளோ அந்தப் பொருளுக்குத்தான் அவர்களும் வந்து சேர்ந்தார்கள். எத்தனையோ பேர் சிறையில் கழிக்கும் ஆண்டுகள் அந்த ஒரு சொல்லில் தொங்கின. நம் நாட்டிலும் 1968இல் ஈஸ்வர் சிங் பிந்த்ரா வழக்கில், 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தில் மருந்து என்றால் என்ன என்று சொல்லும் பிரிவிலுள்ள அண்டை ஆர் என்று படிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது.

உங்கள் ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தமிழாசிரியர் இடைச்சொல் நடத்துகிறார். "உம்" என்னும் உம்மை இடைச்சொல்லுக்கு மட்டும் எட்டுப் பொருள் சொல்கிறது தொல்காப்பியம். எண்ணும் உம்மை, முற்றும்மை, ஐயவும்மை, எதிர்மறையும்மை என்று பிரித்துப் படித்த பிள்ளை, அடுத்த பீரியடில் அண்ட், ஆர், ஈவன் தோ படிக்கும்போது அந்தப் பாடத்தை நினைவுக்குக் கொண்டுவர யாரும் சொல்வதில்லை. ஆண்டுக்கு ஒரு வகுப்பாவது நீங்கள் இருவரும் சேர்ந்து எடுத்தால் என்ன? ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் குற்றம் என்று நினைக்கும் பள்ளிகள் இந்தப் பாடத்துக்காவது அந்த நினைப்பை விட்டுவிடட்டும்.

தேர்வில் வரும் பயிற்சிகளை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தோ வேறு, டெஸ்பைட் வேறு. முதலாவதுக்குப் பின்னால் முழு வாக்கியம், இரண்டாவதுக்குப் பின்னால் பெயர்ச்சொல் என்பது எல்லோருக்கும் வேண்டியதுதான். தோ போட்ட பிறகு பட் வேண்டாம் என்பதும் அப்படித்தான். தமிழிலும் "மழை பெய்தாலும்" என்று எழுதிவிட்டு "ஆனால்" என்று தொடர மாட்டோமே. ஆனால் நோ சூனருக்குத் தேன், ஹார்ட்லிக்கு வென், லெஸ்டுக்கு ஷுட் என்று ஜோடி சேர்த்து மனப்பாடம் செய்வதிலேயே வாரங்கள் போகின்றன. சூனர் ஒப்பீட்டுச் சொல், அதனால்தான் தேன் வருகிறது என்ற காரணத்தைக்கூடச் சொல்லாமல் கைடைப் பார்த்து ஒரு மார்க் வாங்குகிறார்கள். என் மேசைக்கு வந்த மனு எதிலும் நோ சூனர் வந்து நான் பார்த்ததில்லை. இஃப் வராத மனுவையும் பார்த்ததில்லை.

ஆகவே உங்கள் பள்ளி அளவில் நீங்களே தயாரிக்கும் வினாத்தாளில் ஒரு கேள்வியை மாற்றிப் பாருங்கள். கோடிட்ட இடத்தை நிரப்பு என்பதற்குப் பதிலாக, இரண்டு பொருள் தரும் ஒரு மனு வாக்கியத்தைக் கொடுங்கள். அந்த இரண்டு பொருளையும் தமிழில் எழுதச் சொல்லுங்கள். பிறகு மனுதாரர் நினைத்த பொருள் மட்டும் வரும்படி ஆங்கிலத்தில் திருத்தச் சொல்லுங்கள். தமிழில் எழுதிய பகுதிக்கும் மார்க் கொடுங்கள்.

அதற்கு வேண்டிய வாக்கியங்கள் என்னிடம் இருக்கின்றன. பெயர், ஊர், சர்வே எண் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, கட்சிக்காரர்களின் சம்மதத்தோடு அச்செடுத்துத் தருகிறேன், காசு வேண்டாம். வக்கீல் குமாஸ்தாக்கள் சிலரும் தங்களிடம் உள்ளதைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். காலாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் போடுவதற்குள் தகவல் சொன்னால், எந்த ஊர்ப் பள்ளியானாலும் சனிக்கிழமை நானே நேரில் கொண்டுவந்து கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒத்தக்கடையிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளன்